பதின்மூன்றாவது ரீல்

வடபழனி, சென்னை
25.4.2006

திரு. முனிவேல் அவர்களுக்கு,

முதலில் ‘அண்ணா’ என்று எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

போன் செய்திருக்கலாம். ஆனால் நீ பாதியில் வைத்துவிடுவாய். ஐந்து வருடத்துக்கு முன் அப்படித்தான் வைத்தாய். கடிதத்தை அப்படிப் பட்டென்று வைக்க முடியாது, கிழிப்பதற்காவது கையில் எடுக்க வேண்டும்.

பதின்மூன்று நாள் ராஜமுந்திரியில் ஒரு தெலுங்குப் படத்தின் சண்டைக்காட்சிகள். நேற்றுத்தான் திரும்பினேன். கோயம்பேட்டில் இறங்கியதும் நீ எழுதுகிற வாரப் பத்திரிகையை வாங்கினேன். ‘மீண்டும் புயல்கோட்டை’க்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். முதல் பாகத்தின் வேகம் இரண்டாம் பாகத்தில் இல்லை என்கிறாய். இருக்கட்டும். நாயகனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது, அவர் கயிற்றில் தொங்கும்போது கயிறுதான் பாவம் என்கிறாய். அதுவும் இருக்கட்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையை இழுத்துப் பிடித்த நாலு பேரில் நானும் ஒருத்தி. வெள்ளைக் குதிரையைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறாய். குழந்தைகள் பாப்கார்னைக் கொட்டியதைக்கூட எழுதியிருக்கிறாய்.

அதற்கப்புறம் இப்படி: “இரண்டாவது முகமூடி யார்? மூன்று முறை வந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறது. பிறகு ஆளைக் காணோம். கடைசியில் அந்த முகமூடி பிள்ளையின் கையில் இருக்கிறது. எப்படி வந்தது என்று பிள்ளைக்கும் தெரியாது, அப்பனுக்கும் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது.”

அந்த முகமூடி நான்தான். அதைக் கழற்றினால் தெரிகிற முகம் என்னுடையது. பிள்ளையின் அம்மாவாக நடித்தது நான். செத்துப்போனாள் என்று எல்லோரும் நினைத்திருந்த அம்மா.

பார்த்துவிட்டுப் பார்க்காதவன் போல எழுதியிருக்கிறாய். அதற்கு மேலே ஒரு புகழ்ச்சி வேறு: “முகமூடிக்குள் இருந்த டூப் ஆசாமி மட்டும் வேலை தெரிந்தவர்.” ஆசாமியாம்! உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் உனக்கு ஆசாமி.

“டூப்புக்கு எதுக்கு முகம்” என்று அன்றைக்குப் போனில் கேட்டாய். இன்றைக்கு அதையே அச்சில் போட்டுவிட்டாய். திருப்திதானே?

பொற்கொடி

ஓசூர்
28.4.2006

பொற்கொடிக்கு,

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம்தான் வந்தது.

நீ அந்தப் படத்தில் இருப்பது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். முகமூடி கழன்றதை நான் பார்க்கவே இல்லை. அப்படி ஒரு காட்சியே படத்தில் கிடையாது. முதல் நாள், முதல் காட்சி, நாலாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தேன், தூங்கவில்லை. பிள்ளையைத் துரத்துகிறார்கள், முகமூடி படிக்கிணற்றுக்குள் குதிக்கிறது, அடுத்த நிமிடம் நாயகன் கோட்டை வாசலில் நிற்கிறான். இதுதான் நான் பார்த்தது. பார்த்ததைத்தான் எழுதினேன்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கசக்கும். உன் காட்சியை அவர்களே வெட்டியிருப்பார்கள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் உலகத்தில் அது வழக்கம்தானே. அவர்களைக் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறாய்.

நான் பிரேக் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறவன். அரை மில்லிமீட்டர் கூடினால் தூக்கித் தனியே போடுவேன். என் சொந்தக்காரன் கடைந்த சாமான் என்று எதையும் விட்டதில்லை. விமர்சனமும் அப்படித்தான் எழுதுகிறேன். தங்கை நடித்தாள் என்பதற்காக நான் இல்லாத காட்சியை இருக்கிறது என்று எழுத வேண்டுமா?

அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றே வைத்துக்கொள். அதற்கு முன் நீ செய்தது என்ன? கிருஷ்ணகிரி அணைக்குப் பக்கத்துப் பாறையில் படம் எடுக்க வந்தார்கள். நாயகிக்குப் பதிலாகக் குதிக்க ஆள் இல்லை என்றார்கள். போச்சம்பள்ளிக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நீ குதித்தாய். அடுத்த மாதம் அவர்களோடு கிளம்பிவிட்டாய். அப்போது உனக்குப் பூ வைத்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நின்றது நான். அவர்கள் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு முகம் இருந்தது பொற்கொடி.

முனிவேல்

வடபழனி
1.5.2006

அண்ணன் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு,

அந்த மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றதற்கு எப்போதோ மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். நீ நின்றது என்னால்தான். ஆனால் பூ வைக்கும் முன் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. இதையும் சேர்த்தே எழுதிக்கொள்.

காட்சியை வெட்டவில்லை. பதின்மூன்றாவது ரீல் முழுக்க அதுதான். எடிட்டரின் உதவியாளர் என் அறைத் தோழியின் தம்பி, சத்தியம் செய்து சொல்கிறான். இங்கே ஒரு நாளிதழ் “தாயாக வரும் புதுமுகம்” என்று ஒரு வரி போட்டிருக்கிறது. பெயர் இல்லை. ஆனால் அந்த விமர்சகருக்குக் கண் இருந்திருக்கிறது. படம் நீளம், முதல் பாகத்தின் நிழல், பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி என்று மற்றவர்களும் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். திட்டட்டும். பார்த்துவிட்டுத் திட்டுகிறார்கள்.

அந்த வேடம் எனக்கு வந்த கதையைக் கேள். அம்மா வேடத்துக்கு வேறொரு நடிகையைப் பேசியிருந்தார்கள். படிக்கிணற்றில் நாற்பத்திரண்டு படி. பாசி பிடித்த படியில் ஆறு பேரோடு வாள் சண்டை என்றதும் அந்தம்மா வேனை விட்டே இறங்கவில்லை. இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “முகமூடிக்குள்ள இருக்கறது யாரு? கழட்டு” என்றார். கழற்றினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “இவங்களே இருக்கட்டும்” என்றார். ஐந்து வருடத்தில் என் முகத்தைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

நீ எந்தத் தியேட்டரில் பார்த்தாய், எத்தனை மணிக் காட்சி? ஆப்பரேட்டரிடம் போய்க் கேள். அளந்து பார்க்காமல் விடமாட்டேன் என்று பீற்றிக்கொள்கிறாயே, இதையும் போய் அள.

அம்மாவிடம் மத்தூர் மளிகைக் கடைப் போனில் சொல்லியிருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போயிருப்பாள். அவள் பார்த்திருப்பாள். நீ எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன.

பொற்கொடி

ஓசூர்
6.5.2006

பொற்கொடிக்கு,

அளந்துவிட்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தியேட்டர். காலைக் காட்சி பத்தரைக்கு. ஆப்பரேட்டர் ராமப்பனை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். நேரே அவர் அறைக்கு ஏறிப் போய், பதின்மூன்றாவது ரீல் எங்கே என்று கேட்டேன். காலால் சுட்டிக் காட்டினார். மேஜைக்கு அடியில் வட்டத் தகர டப்பா ஒன்று இருந்தது.

“ஒன்னு இருவதுக்குக் கம்பெனி பஸ்ஸு சார். செகண்டு ஷிப்டு ஆளுங்க பாதி தியேட்டரு. படம் நீண்டுச்சுன்னா கிளைமாக்ஸுல எந்திரிச்சு ஓடுறாங்கோ. சீட்டு மடங்கற சத்தத்துல வசனமே கேக்கறதில்ல. அதான் காலைக் காட்சிக்கு ஒரு ரீலு எடுத்துருவேன். பாட்டு எடுத்தா கல்லு வுடுவாங்க, ஈரோ சண்டைய எடுத்தா என்னையே எடுத்துருவாங்க. இதுல பாட்டும் இல்ல, ஈரோவும் இல்ல. உங்களுக்குத் தெரியாததா சார்?”

தெரியும். அதைத்தான் உனக்கு எப்படி எழுதுவது என்று நான்கு நாளாக உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸுக்காக ரீல் எடுப்பார்கள் என்பது ஓசூரில் ஷிப்டுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நானும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். ஆறு வருடமாகக் காலைக் காட்சி பார்த்துத்தான் விமர்சனம் எழுதுகிறேன். ஒரு பாட்டோ ஒரு நகைச்சுவையோ போயிருக்கும், அதனால் என்ன என்று இருந்துவிட்டேன். எத்தனை படங்களில் கதை ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறேன் தெரியுமா? இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. அளக்காத சாமானுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை விநியோகஸ்தரின் ஆள் வெங்கடப்பன் வந்து காலைக் காட்சியைப் பார்த்திருக்கிறார். ஒரே விசில். ரீல் குறைவதை ராமப்பன் சொன்னதும் சிரித்திருக்கிறார். எல்லோரும் படம் நீளம் என்கிறார்கள், எதை வெட்டலாம் என்று விநியோகஸ்தர்கள் தேடிக்கொண்டிருந்த சமயம். “ஓசூருல அது இல்லாமயே ஓடுது” என்று மேலே சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லா ஊரிலும் பதின்மூன்றை எடுத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரியிலும்தான்.

அம்மா எட்டுப் பெண்களோடு போனாள். விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லையாம், இனிமேல் வருவாய் என்று. திரும்பும் பஸ்ஸில் கூடப் போன ருக்மணி, “உம் பொண்ணு எந்தக் குதிரை மேல வந்தா மாதம்மா?” என்று கேட்டிருக்கிறாள். மத்தூர் வரை சிரிப்பாம். ராத்திரி எனக்குப் போன் செய்தாள். நீங்கள் இரண்டு பேரும் மாதாமாதம் பேசிக்கொள்கிறீர்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்குக் கோபப்படும் நிலையில் நான் இல்லை. அவள் கேட்டது இதுதான்: “அவ பொய் சொன்னாளா முனி, இல்ல என் கண்ணுக்குத்தான் தெரியலியா?”

நான் பதில் சொல்லவில்லை.

முனிவேல்

வடபழனி
10.5.2006

அண்ணா,

கோபம் தீர்ந்து அப்படி எழுதவில்லை. திட்டுவதற்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

அம்மா கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. “என் தப்பும்மா” என்ற இரண்டு சொல் உன் வாயில் வரவில்லை. வாராவாரம் ஊரில் உள்ள இயக்குநர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற வாய்! மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றதை ஐந்து வருடம் சுமந்தாயே, அம்மா அந்த பஸ்ஸில் எட்டுப் பேருக்கு நடுவே உட்கார்ந்து வந்ததை யார் சுமப்பது?

திங்கட்கிழமை விநியோகஸ்தர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். உள்ளே மேஜையில் உன் பத்திரிகை, உன் பக்கத்தை மடித்து வைத்திருந்தார்கள். அந்த ரீலைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அந்த ஆள் உன் எழுத்தைத் தட்டிக் காட்டினார்: “இரண்டாவது முகமூடி யார்னு கேட்டிருக்காரு பாரும்மா. ஜனங்களும் கேக்கட்டும். மூணாம் பாகத்துக்கு நல்ல விளம்பரம்.” மூன்றாம் பாகத்துக்கு ஒரு பெரிய நடிகையைப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். முகமூடியைக் கழற்றினால் அவர் முகம்தான் இருக்கும்.

புரிகிறதா? உன் கேலியை எடுத்து என் முகத்தில் ஒட்டிவிட்டார்கள். இனி அந்த இடத்தில் நான் இருந்ததாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அம்மாவே சந்தேகப்பட்டாள், அப்புறம் யாரைச் சொல்ல?

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். டப்பா ராமப்பனின் மேஜைக்கு அடியில் இருக்கிறது என்றாய். படம் ஓசூரில் இன்னும் ஓடுகிறது. அம்மாவுக்கு அதைக் காட்டு. அந்த எட்டுப் பேருக்கும் காட்டு. ருக்மணியை முதல் வரிசையில் உட்கார வை. அப்புறம் உன் பத்திரிகையில் உண்மையை எழுது.

இரண்டும் முடியாதென்றால் எனக்கு எழுதாதே.

பொற்கொடி

ஓசூர்
15.5.2006

பொற்கொடி,

முதலில் பத்திரிகை. காலைக் காட்சியில் ஒரு ரீல் குறைவாகப் பார்த்துவிட்டு எழுதினேன், என் விமர்சனம் தவறு என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். “படத்தை முழுசாப் பாக்காமத்தான் எங்க ஆளு எழுதினாருன்னு நாங்களே போடறதா?” என்றார். போடாவிட்டால் இனி எழுதமாட்டேன் என்றேன். “அப்ப சரி” என்று வைத்துவிட்டார். ஆறு வருடம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரைப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, தியேட்டர் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் நானே ஒட்டினேன். இரண்டு நாள் இருந்தது. என் கம்பெனி ஆட்கள் படித்துவிட்டு என்னைக் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

நேற்று ஞாயிறு. அம்மாவையும் எட்டுப் பேரையும் வேன் வைத்து மத்தூரிலிருந்து கூட்டி வந்தேன். வேனில் ஏறும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது, அவள் பொய் சொல்லவில்லை என்று. எட்டுப் பேர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். ருக்மணி வர மாட்டேன் என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து ஏற்றினாள், அந்தப் பிடியை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு, காலைக் காட்சிக்கு முன், ராமப்பன் அந்த ஒரு ரீலை மட்டும் போட்டார். எண்ணூறு பேர் உட்காரும் தியேட்டரில் நாங்கள் பத்துப் பேர்.

முகமூடி கழன்றது. அம்மா அழவில்லை. “கண்ணுக்குக் கீழ ஏன் இப்புடிக் கறுத்துக் கெடக்குது? சோறு திங்கறாளா இல்லியா?” என்று என்னைத் திட்டினாள். வாள் உன் வயிற்றில் இறங்கியபோது எழுந்து நின்று, “போதும், நிறுத்துடா” என்று கத்தினாள். ராமப்பன் பயந்து நிறுத்திவிட்டார். அப்புறம் அம்மா சொன்னாள்: “மறுக்கா மொதல்ல இருந்து போடு.” இரண்டாவது தடவை கடைசி வரை பார்த்தாள். ருக்மணி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். வெளியே வந்ததும் டிக்கெட் கிழிப்பவரிடம் அம்மா, “அது எம் பொண்ணு” என்றாள். அவர் எதுவும் கேட்கவே இல்லை, இவளாகத்தான் சொன்னாள்.

இனி என் விமர்சனம். பத்திரிகை இல்லாததால் உனக்கு மட்டும். முதல் ஐந்து படி பிரமாதம். வாளைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறாய், மணிக்கட்டு தளரவில்லை. மூன்றாவது ஆளை வெட்டியதும் ஒரு கால் பின்னால் போகிறது, எதிரியை விட்டுவிட்டு ஒரு கணம் பிள்ளையைப் பார்க்கிறாய். முதல் தடவை பார்த்தபோது பிழை என்று நினைத்தேன். இரண்டாம் தடவைதான் புரிந்தது. சாகப்போகிறவள் பிள்ளை தப்பித்துவிட்டதா என்று பார்க்கிறாள். படம் முழுவதிலும் உயிரோடு இருப்பது அந்த ஒரு கணம்தான்.

டூப்புக்கு எதுக்கு முகம் என்று கேட்டவன் நான்தான். அதை எண்ணி வெட்கப்படுகிறேன். என்னை மன்னித்துவிடு.

25ஆம் தேதி வியாழக்கிழமையோடு இங்கே படத்தைத் தூக்குகிறார்கள். படப்பெட்டி சேலத்துக்குப் போகும். அங்கே போனால் பதின்மூன்றாவதை யாரும் தேடப் போவதில்லை என்கிறார் ராமப்பன்.

அண்ணன்
முனிவேல்

வடபழனி
18.5.2006

அண்ணா,

கால் பின்னால் போனது பிழையேதான். பாசியில் வழுக்கியது. விழாமல் இருக்கத் திரும்பினேன், பிள்ளை அந்தப் பக்கம் நின்றது. இயக்குநர் நன்றாயிருக்கிறது என்று வைத்துக்கொண்டார். நீ இரண்டு தடவை பார்த்தும் தப்பாகத்தான் எழுதியிருக்கிறாய். மணிக்கட்டு பற்றிச் சொன்னது சரி, சண்டை மாஸ்டரும் அதைத்தான் திட்டுவார்.

என் கோபம் இன்னும் போகவில்லை. நல்ல வார்த்தை நான்கு எழுதியதால் போய்விடாது. உன் பத்திரிகை போனதற்கு வருத்தப்படுகிறேன், ஆனால் அழமாட்டேன். அந்த நோட்டீஸை நீயே ஒட்டினாய் என்பதை மட்டும் அறைத் தோழியிடம் இரண்டு முறை சொன்னேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லவே இல்லை. இத்தனை கடிதத்திலும் பார்த்தாயா, பார்த்தாயா என்று உன்னைக் கேட்டேனே. நான் பார்த்ததில்லை. ப்ரிவ்யூவுக்கு ஸ்டண்ட் ஆட்களைக் கூப்பிடுவதில்லை. குரல் வேறொருத்தி கொடுத்தாள், அதனால் டப்பிங்கிலும் பார்க்கக் கிடைக்கவில்லை. படம் வந்தபோது ராஜமுந்திரியில் இருந்தேன். இங்கே வந்தும் உன் ஆறாம் தேதிக் கடிதத்துக்கு அப்புறம்தான் தியேட்டருக்குப் போனேன்; படிக்கிணற்றில் குதிக்கிறேன், அடுத்து கோட்டை வாசல். முகமூடியைக் கழற்றினால் நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டாள். ருக்மணிகூடப் பார்த்துவிட்டாள்.

புதன்கிழமை ராத்திரி இங்கே பஸ் ஏறுகிறேன். வியாழன் விடிகாலை ஓசூரில் இருப்பேன். காலைக் காட்சிக்கு முன் ராமப்பன் அதைப் போட வேண்டும். டப்பாவை அதுவரை யாரும் தொடக் கூடாது, மேலே நீயே உட்கார்ந்துகொண்டாலும் சரி.

உன்னைப் பார்க்க வருவதாக நினைத்துக்கொள்ளாதே. நான் என்னைப் பார்க்க வருகிறேன். நீ பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். பேசக் கூடாது.

பொற்கொடி